முரட்டு நாய்க்கு முரட்டுப் பயிற்சியா?

2022 ஜனவரியில் பெர்லின் காவல்துறை, ஆளைப் பாய்ந்து பிடிக்கும் நாய்களைப் பணிக்கு அனுப்புவதை நிறுத்தி வைத்தது. மோப்ப நாய்கள் வழக்கம்போல் வேலைக்குப் போயின. அம்மாதம் முதல் தேதி ஜெர்மனியில் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருந்தது: நாய்ப் பயிற்சியில் முள் பட்டை முதலிய வலி தரும் சாதனங்கள் கூடாது. வலியே இல்லாமல் இந்த நாய்களை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று கேட்டது ஒரு தரப்பு. முடியும் என்றது இன்னொரு தரப்பு.

நூறாண்டைத் தாண்டிய வழக்கு இது. காவல் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-ல் வெளியிட்ட பயிற்சி நூல் கட்டாயத்துக்குப் பெரிய இடம் தந்தது. பல தலைமுறைப் பயிற்சியாளர்கள் அவ்வழியில் போனார்கள்.

பெல்ஜியன் மாலினாய், டச்சு ஷெப்பர்ட், பணிக்கென்றே இனப்பெருக்கம் செய்யப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவற்றில் சில நாய்களுக்குச் சண்டையே இன்பம். அவற்றுக்குக் கடிக்கச் சொல்லித்தர அதிகம் மெனக்கெட வேண்டாம். கடித்ததை விடச் சொல்லித்தருவதுதான் பெரும்பாடு.

பயிற்சித் திடலில் எதிராளியாக நடிப்பவரின் முன்கையில் சணல் துணி போர்த்திய தடித்த உறை இருக்கும். நாய் பாய்ந்து, வாய் கொள்ளுமட்டும் அதைக் கவ்வுகிறது. ‘விடு’ என்கிறார் அதைப் பழக்குபவர். விடவில்லை. முள் பட்டையைச் சுண்டுகிறார். கழுத்தில் வலி, ஆனால் நாயோ சண்டையின் உச்சத்தில் இருக்கிறது. அந்த வலியும் சண்டையோடு சேர்ந்துகொள்ள, பிடி இன்னும் இறுகுகிறது. சில நாய்கள் சட்டென்று திரும்பி, வாரைப் பிடித்திருக்கும் கையையே கடித்துவிடும்.

மாற்று வழியில் யாரும் எதையும் சுண்டுவதில்லை. எதிராளி கையை உடலோடு ஒட்டி வைத்து அசையாமல் நிற்கிறார். இழுபறி இல்லாத உறையில் சுவாரசியம் போய்விடுகிறது. பல் தளரும் நேரம் பார்த்து ‘விடு’ என்ற சொல் வருகிறது. விட்ட மறுகணம் எதிராளி துள்ளி ஓட, மறுபடி பாய அனுமதி. இங்கே கூலி பிஸ்கட் அல்ல, இன்னொரு கடி. விட்டால்தான் திரும்பக் கிடைக்கும் என்பதை நாய் பழகிக்கொள்கிறது.

‘தெருவில் மாட்டும் ஆள் சிலையாகவா நிற்பான், அலறி உதைக்க மாட்டானா?’ என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. நியாயமான கேள்விதான். அதனால்தான் அசையாதவர், அசைபவர், கத்திக்கொண்டே திமிறுபவர் எனப் படிப்படியாகப் பயிற்சியைக் கடினமாக்க வேண்டும். இதற்குப் பொறுமையும் நாளும் தேவை. முள் பட்டை வேகமானதாகத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

பெல்ஜிய ராணுவத்தின் 33 நாய்–வீரர் இணைகளைக் கவனித்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. குறைந்த மதிப்பெண் பெற்ற நாய்களே அதிகத் தண்டனையும் பெற்றிருந்தன. தண்டித்ததால் தேறவில்லையா, தேறாததால் தண்டித்தார்களா என்பதை இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நெதர்லாந்தில் மின்பட்டை பற்றி 2004-ல் வந்த ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிற்சியில் மின்னதிர்ச்சி பட்ட ஜெர்மன் ஷெப்பர்டுகள், பூங்காவில் சும்மா நடக்கும்போதுகூடத் தம்மைப் பழக்குபவர் அருகில் மன அழுத்த அறிகுறிகளைக் காட்டின. எஜமானரைக் கண்டே மிரளும் நாயை நம்பி எந்தக் காவலர் இருட்டுக்குள் நுழைவார்? வலியை விலக்கிய ஜெர்மனியின் விதி சரியானது என்பதே என் முடிவு.

வீட்டில் முரட்டு நாய் வளர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் 2009-ல் வெளிவந்த ஆய்வில், அடியோ உதையோ வாங்கிய வளர்ப்பு நாய்களில் 43 சதவீதம் பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டியதாக வளர்ப்பவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக்கூடும். சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறத் தொடங்கினால், பயிற்சியாளரைத் தேடும் முன் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காது, பல், மூட்டுகளில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்.