இரு கலைகள், ஓர் அரங்கம்

நுழையுமுன்

வெள்ளாடை அணிந்து, இடையில் பட்டை கட்டிப் பயிற்சி செய்வோரைக் கண்டதும் "இது கராத்தே" என்று சொல்லிவிடுகிறோம். அது ஜூடோவாகவும் இருக்கலாம். தோற்றத்தில் ஒத்திருப்பினும் இவை இரண்டும் வெவ்வேறு கலைகள். இவை எங்கே பிறந்தன, எவ்வாறு வேறுபடுகின்றன, எங்கே ஒன்றுபடுகின்றன என்பனவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இரண்டு ஆசிரியர்கள்

ஜூடோவை உருவாக்கியவர் கானோ ஜிகோரோ. 1860ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்த அவர் இளமையில் மெலிந்த உடலினர். வலிமை மிக்க மாணவர்களின் துன்புறுத்தலுக்கு ஆளானவர். தம்மைக் காத்துக்கொள்ள 'ஜுஜுத்சு' என்னும் பழைய போர்க்கலையைக் கற்றார். சாமுராய் வகுப்பு மறைந்துவந்த அக்காலத்தில் அக்கலையும் மதிப்பிழந்திருந்தது. கானோ அதிலிருந்த தீங்கான முறைகளை விலக்கினார், ஏனையவற்றை ஒழுங்குபடுத்தினார். 1882ஆம் ஆண்டு டோக்கியோவில், எய்ஷோஜி என்னும் புத்தக் கோயிலில், கோடோகான் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவ்விடத்தில் விரிக்க இடமிருந்தது பன்னிரண்டு பாய்களுக்கு மட்டுமே. கானோ தொழிலால் ஆசிரியர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர்.

கராத்தே பிறந்த இடம் ஒகினாவா தீவு. முற்காலத்தில் அது ரியூக்கியூ என்னும் தனியரசாக விளங்கியது. சீனத்தோடு கொண்ட தொடர்பால் அங்கிருந்து வந்த போர்முறைகள், தீவினரின் கைப்போர் முறையோடு கலந்து வளர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாவின் பள்ளிகளில் கராத்தே உடற்பயிற்சியாக இடம்பெற்றது. அதனை ஜப்பானின் பிற பகுதிகளில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஃபுனாகோஷி கிச்சின். அவரும் பள்ளி ஆசிரியரே.

1922ஆம் ஆண்டு ஃபுனாகோஷி தம் கலையைச் செய்துகாட்ட டோக்கியோவிற்கு வந்தார். செய்தியறிந்த கானோ அவரைக் கோடோகானுக்கு அழைத்து, தம் மாணவர் முன்னிலையில் கராத்தேயைச் செய்துகாட்டச் செய்தார். வேறொரு கலையைப் போட்டியாகக் கருதாது மேடை தந்தது கானோவின் பெருந்தன்மை. பின்னர் ஜூடோவின் வெள்ளாடையையும் கறுப்புப் பட்டை முறையையும் கராத்தே ஏற்றுக்கொண்டது. நாம் இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவதற்கு இதுவே காரணம்.

பெயர் சொல்லும் பொருள்

'ஜூ' என்பதற்கு மென்மை, வளைந்துகொடுத்தல் என்று பொருள்; 'டோ' என்றால் வழி. எனவே ஜூடோ என்பது 'மென்மையின் வழி' ஆகும். கராத்தே என்னும் சொல்லைத் தொடக்கத்தில் 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதினர். 1930களில் ஒலியை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றி, 'வெறுங்கை' என்று பொருள்பட எழுதும் வழக்கம் நிலைபெற்றது.

பிடியும் அடியும்

இரு கலைகளுக்கும் உள்ள தலையாய வேறுபாடு, எதிராளியிடமிருந்து நிற்கும் தொலைவு ஆகும். ஜூடோவில் வீரர் எதிராளியின் சட்டைக் கழுத்தையும் கையையும் பற்றி நெருங்கி நிற்பர். அவரது நிலையைத் தளரச் செய்து தூக்கி எறிவர். தரையில் அழுத்திப் பிடிப்பர். போட்டியில் குத்துக்கும் உதைக்கும் இடமில்லை. எதிராளியை முதுகு படும்படி வேகத்தோடும் கட்டுப்பாட்டோடும் எறிந்தால் முழுவெற்றி கிட்டும்.

இதன் அடிப்படையைக் கானோ எண்களால் விளக்கினார். எதிராளியின் வலிமை பத்து, நம் வலிமை ஏழு என்க. அவர் தள்ளும்போது நாமும் எதிர்த்துத் தள்ளினால் தோற்போம். மாறாக, அவர் தள்ளும் திசையிலேயே பின்வாங்கினால் அவர் நிலைதடுமாறுவார். அந்நொடியில் அவரால் பயன்படுத்த இயல்வது மூன்று பங்கு வலிமையே. நம் ஏழு குறையாமல் இருக்கும். மெலிந்தவர் வலியவரை வெல்லும் வழி இதுவே.

கராத்தேயில் வீரர் கை, கால் எட்டும் தொலைவில் நிற்பர். குத்து, உதை, தடுப்பு ஆகியனவே இதன் கருவிகள். குத்தின் ஆற்றல் கையில் மட்டும் பிறப்பதன்று. கால் தரையை ஊன்ற, இடுப்பு சுழல, ஒரு கை முன்செல்லும்போதே மறுகை பின்னிழுக்கப்படுகிறது. உடல் முழுவதும் ஒரு புள்ளியில் குவிகிறது. அடிப்படை அசைவுகள், 'கத்தா' எனப்படும் வரிசைப்படுத்திய அசைவுத் தொடர், இருவர் மோதும் பயிற்சி என மூன்று படிநிலைகளில் கராத்தே கற்பிக்கப்படுகிறது.

முதலில் கற்பது எது?

ஜூடோ மாணவர் முதலில் கற்பது எறிதலை அன்று, விழுதலை. தலை தரையில் மோதாமல், கையால் பாயை அறைந்து விழும் முறையைப் பல நாள் பயில வேண்டும். இதனைக் கற்காதவரை எறிவது தலைக்காயத்தில் முடியும். ஆகவே பயிற்றுநர் இல்லாமல் இவற்றைச் செய்து பார்த்தல் கூடாது. கராத்தேயில் முதல் அடி தம்முடையதாக இருத்தல் ஆகாது என்பதை ஃபுனாகோஷி வலியுறுத்தினார். அவர் கற்பித்த கத்தாக்கள் பலவும் தடுப்பிலேயே தொடங்குகின்றன.

இந்தியாவும் ஜூடோவை முன்பே அறிந்திருந்தது. இரவீந்திரநாத் தாகூரின் அழைப்பை ஏற்று, 1929ஆம் ஆண்டு தகாகாகி ஷின்சோ என்னும் ஜூடோ ஆசிரியர் சாந்திநிகேதனுக்கு வந்தார். அங்கு மாணவியரும் மாணவரோடு ஜூடோ பயின்றனர். அண்மைக் காலத்தில், 2022ஆம் ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் மணிப்பூரின் சுசீலா தேவியும் தில்லியின் தூலிகா மானும் ஜூடோவில் வெள்ளிப் பதக்கம் வென்றனர்.

ஓர் அரங்கம், இரண்டு இறுதிப் போட்டிகள்

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. அதற்கென எழுப்பப்பட்ட அரங்கமே நிப்போன் புதோகான். எடை வரம்பற்ற பிரிவின் இறுதியில் ஜப்பானின் கமினாகா அகியோவை நெதர்லாந்தின் ஆன்டன் கேசிங்க் அழுத்திப் பிடித்து வென்றார். ஜப்பானியர் திகைத்து அமர்ந்திருந்தனர். மகிழ்ச்சி மிகுதியால் நெதர்லாந்து நாட்டவர் பாயை நோக்கி ஓடினர். கேசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். தோற்றவருக்கு வணக்கம் செலுத்தும் முன் கொண்டாட்டம் கூடாது என்பதை அந்த ஒற்றைச் சைகை உணர்த்தியது.

2021ஆம் ஆண்டு அதே அரங்கில் கராத்தே முதன்முறையாக ஒலிம்பிக் போட்டியாக நடைபெற்றது. ஆடவர் அதிக எடைப் பிரிவின் இறுதியில் சவூதி அரேபியாவின் தாரெக் ஹமெதி முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்சாதேயை நினைவிழந்து விழச் செய்தது. ஆனால் தங்கம் விழுந்தவருக்கே சென்றது. கட்டுப்பாடின்றித் தாக்கியமைக்காக ஹமெதி தகுதிநீக்கம் பெற்று வெள்ளியோடு திரும்பினார். கராத்தேயில் உதையின் வலிமையைவிட, அதனை உரிய இடத்தில் நிறுத்தும் ஆற்றலே மேலானது.

முடிவுரை

"இரண்டில் எது சிறந்தது?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒன்று வளைந்து வெல்கிறது. மற்றொன்று குவிந்து வெல்கிறது. நெருக்கத்தில் ஜூடோவும் தொலைவில் கராத்தேயும் கைகொடுக்கும். ஆயினும் கானோவைத் துன்புறுத்திய மாணவர்களும் வலிமை உடையவர்களே. அவர்களிடம் இல்லாதது அடக்கம். அவர்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கற்கத் தொடங்கிய சிறுவன், பிறரைக் காயப்படுத்தாத கலையொன்றை உலகுக்குத் தந்தான். எது சிறந்தது என்னும் வினாவைவிட, கற்ற கலையை எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்னும் வினாவே பெரிது.

சொல்லும் பொருளும்

மயங்குதல் – ஒன்றை மற்றொன்றாகக் கருதுதல்
தலையாய – முதன்மையான
சைகை – குறிப்பு உணர்த்தும் செய்கை

இலக்கணக் குறிப்பு

வெறுங்கை (வெறுமை + கை), வெள்ளாடை (வெண்மை + ஆடை) – பண்புத்தொகைகள்

மதிப்பீடு

1. ஜூடோவும் கராத்தேயும் தோற்றத்தில் ஒத்திருப்பதற்குக் காரணம் என்ன?
2. கானோ எண்களால் விளக்கிய கருத்தை உம் சொந்த நடையில் எழுதுக.
3. இரு கலைகளின் வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.
4. கேசிங்கின் செயலும் ஹமெதியின் தகுதிநீக்கமும் உணர்த்தும் பொதுவான அறம் யாது?
5. நீவிர் வாழும் மாநிலத்தின் தற்காப்புக்கலை ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.