உங்களுக்குத் தெரியுமா? பொடக்காளி முருங்கைக்கு விதையே வேண்டாம்!

வீட்டுப் பின்புறத்தைக் கொங்கு நாட்டில் பொடக்காளி என்பார்கள். அங்கே ஒரு முருங்கை நின்றால் குழம்புக்குக் காயும் பொரியலுக்குக் கீரையும் கைக்கெட்டும் தூரத்தில். திருப்பூர் மாவட்டத்து மூலனூர் முருங்கை பல்லாண்டு காய்க்கும் மரம். 3 முதல் 5 அடி நீளப் போத்தை வெட்டி, மேல்நுனியில் பசுஞ்சாணம் அப்பி நட்டால் துளிர்த்துவிடும். சாணம் அப்புவது வெட்டுவாய் காய்ந்து அழுகாமல் இருக்கத்தான்.

விதை போட விரும்பினால், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் தந்த பி.கே.எம்.-1 ரகம் இருக்கிறது, ஏறக்குறைய ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். செடி இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளைகள் வெடிக்கும்.

எதை நட்டாலும் வேரில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். முருங்கை அதைத் தாங்காது.