கமான் பட்டையில் கைவைக்கும் முன்

டெல்லிச் சாலைகள் பலவற்றில் பகலில் லாரிக்கு நோ என்ட்ரி. கர்னால் பைபாஸை ஒட்டிய சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் இருட்டும்வரை காத்துக் கிடக்கும் வண்டிகளில் நாமக்கல் பக்கத்து வண்டிகளும் உண்டு. சும்மா இருக்கும் அந்த நேரத்தில்தான், 'முறிந்த கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) நாமே மாற்றினால் கூலி மிச்சமாச்சே' என்ற யோசனை வருகிறது.

முதலில் முறிந்த பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். முறிவில் பாதி துருவேறி, பாதி பளபளவென்று இருந்தால் விரிசல் முன்பே விழுந்துவிட்டது. மிச்சம்தான் இப்போது போயிருக்கிறது. பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் துளையில் முறிந்திருந்தால், பெரும்பாலும் பட்டைகளை அச்சோடு இறுக்கும் யு-போல்ட் தளர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பட்டை போட்டால் அதுவும் அங்கேயே முறியும். முறிந்த காரணம் சொல்லத் தெரிவதையே இந்த வேலைக்கு நான் முதல் தகுதியாக வைப்பேன். ஸ்பேனர் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

லோடு இறக்கியாயிற்றா? தரை கெட்டியா? சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாயிற்றா? வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. தூக்கியபின் வண்டியைத் தாங்க ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். ஒரே கட்டாக இருக்கும் பட்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருக்கும். கிளாம்ப் போடாமல் சென்டர் போல்ட்டைக் கழற்றினால் சடாரென்று விரிந்து முகத்தில் அடிக்கும். பழைய யு-போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஸ்பேனரில் பைப்பைச் செருகி முறுக்கினால் அளவு தெரியாது, டார்க் ரெஞ்ச் வேண்டும்.

'கூட ஒரு பட்டை போட்டால் இன்னும் ரெண்டு டன் ஏற்றலாம்' என்பது ஆபத்தான பேச்சு. 2018 ஜூலையில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை மத்திய அரசு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. அதையும் மீறி ஏற்றினால் பட்டை தாங்கலாம். பிரேக்கும் அச்சும் டயரும் பழையவைதானே? சட்டமும் குறுக்கே நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-இல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது.

மாட்டி முடித்தபின்னும் ஒரு வேலை பாக்கி. லோடு ஏறிக் கொஞ்ச தூரம் ஓடியதும் பட்டைகள் படிந்து யு-போல்ட் தளரும். வண்டியை ஓரங்கட்டி மறுபடி முறுக்க வேண்டும். இரவே கிளம்பி ஆக்ரா தாண்டும் அவசரத்தில் இருப்பவர், வேலையை டிரான்ஸ்போர்ட் நகர் மிஸ்திரியிடமே விட்டுவிடலாம்.