கள்ளி சாட்சி

கரிசல் திரை: தொடர் – 9

ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை 1970-ஐ ஒட்டி ஓடத் தொடங்கியது. ஆலைக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டிய பள்ளங்கள் இந்தப் பக்கத்து நிலத்தின் முகத்தையே மாற்றிவிட்டன. மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் நீலமாகத் தெரியும். கிழக்கே வெம்பக்கோட்டை, சிவகாசி என்று வானம் பார்த்த பூமி. கல், புழுதி, லாரி, தண்ணீருக்கு வரிசை என்று வளர்ந்தவர்களுக்கு ‘மேட் மேக்ஸ்’ பட இயக்குநர் ஜார்ஜ் மில்லர் காட்டும் அழிந்த உலகம் அந்நியமாக இருக்காது.

சென்ற வாரம் ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ (2015) பற்றி எழுதியபோது, அதன் நாயகி ஃப்யூரியோசாவின் இடது கை எப்படிப் போனது என்ற கேள்வியை இந்த வாரத்துக்கு வைத்திருந்தேன். அதற்கான பதில்தான் 2024 மே மாதம் வந்த ‘ஃப்யூரியோசா’. ஆனால் அந்தப் பதில் முன்பே எழுதப்பட்டுவிட்டது. ‘ஃப்யூரி ரோடு’ படப்பிடிப்புக்கு முன்பே மில்லர் இந்தக் கதையைத் திரைக்கதையாக எழுதி முடித்து, அன்றைய நாயகி சார்லிஸ் தெரோனிடம் படிக்கக் கொடுத்திருந்தார். அந்தப் படத்தின் மூன்று நாள் ஓட்டத்தில் ஒரு பெண்ணின் கோபம் நமக்குப் புரிய வேண்டுமென்றால், அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகள் அவளாக நடிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். சிட்னியில் மருத்துவராக இருந்தபோது விபத்தில் சிதைந்த உடல்களைப் பார்த்தவர். காயத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

கதை இதுதான். பசுமை மிச்சமிருக்கும் ஓர் இடத்திலிருந்து சிறுமி ஃப்யூரியோசாவை டிமென்டஸின் பைக் கூட்டம் தூக்கிப் போகிறது. மீட்க வந்த தாய் அவள் கண் முன்னே கொல்லப்படுகிறாள். தாய் கொடுத்த ஒரு பீச் பழக் கொட்டை மட்டும் மிஞ்சுகிறது. அதைத் தலைமுடிக்குள் ஒளித்து வைத்துக்கொள்கிறாள். தண்ணீரைக் கையில் வைத்திருக்கும் இம்மார்ட்டன் ஜோவிடம் பண்டமாற்றாகக் கைமாறுகிறாள். முடியைக் கத்தரித்துக்கொண்டு, பையனாக வேடமிட்டு, லாரி கட்டுகிறவர்களுக்கு நடுவில் வளர்கிறாள். ஊருக்குத் திரும்பும் வழியை நட்சத்திர வரைபடமாகக் கையில் பச்சை குத்தியிருக்கிறாள். பிடிபட்டுக் கட்டுண்டபோது தப்பிக்க அந்தக் கையையே விட்டுவிட்டு வருகிறாள். கையோடு வரைபடமும் போய்விட்டது. இனி அவளுக்குத் திரும்பும் வழி இல்லை. பழி ஒன்றுதான் பாக்கி. என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிர்நிலை இந்த இடம்தான். நாயகியாக வரும் அன்யா டெய்லர்-ஜாய் இந்தப் படத்தில் மிகக் குறைவாகவே பேசுகிறார். பேசாத கண்கள்தான் இரண்டரை மணி நேரத்தைச் சுமக்கின்றன.

இந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து நீலியின் நினைவு என்னை விட்டுப் போகவில்லை.

இங்கிருந்து தெற்கே போகப் போக வில்லுப்பாட்டின் நாடு. கோயில் கொடைக்கு வில் அடிக்க வருகிறவர்கள் பாடும் இசக்கியம்மன் கதை, பழிவாங்கும் பேயிலிருந்து தொடங்காது. ஒரு தாசியின் வாழ்விலிருந்து தொடங்கும். அவளை விரும்புவதாகச் சொன்னவன் அவள் செல்வத்தையெல்லாம் கரைக்கிறான். கடைசியில் நகைக்காக, காட்டில் தன் மடியில் தூங்கியவளைக் கல்லைப் போட்டுக் கொல்கிறான். கேட்க நாதியற்ற அந்த இடத்தில் நின்றது ஒரு கள்ளிச்செடி. அதைத்தான் அவள் சாட்சிக்கு அழைக்கிறாள். மறுபிறவியில் நீலியாக வந்து, வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடிப் பிடிக்கிறாள். கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூர்ச் சபையில் நியாயம் கேட்கிறாள். குழந்தை அவனை அப்பா என்கிறது. வேளாளர் எழுபது பேர் அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்து, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் இல்லை. சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

ஊருக்கு ஊர் பெயர்கள் மாறும், பிறவிகளின் எண்ணிக்கை மாறும். கள்ளி மட்டும் மாறாது. தாய் தந்த கொட்டை ஃப்யூரியோசாவுக்கு என்னவோ அதுவே நீலிக்குக் கள்ளி. பழைய குற்றத்தின் ஒரே சாட்சியம், நடக்கப் போகும் பழிக்குக் கருவி. மில்லரின் கதையில் அந்தக் கொட்டை டிமென்டஸின் உடலிலேயே முளைத்து மரமாகிறது. எங்கள் கதையில் கள்ளி பிள்ளையாகிறது.

பழையனூர், திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இந்தக் கதையைத் தொட்டுச் செல்கிறது. அதே நீலியைச் சமணர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், கொல்ல வந்தவள் ஒரு முனிவரிடம் அறம் கேட்டு மாறி, ஊர் ஊராகப் போய் வாதம் செய்து வெல்கிறாள். அவள் வாதுக்கு அழைத்தவர்களில் ஒருத்தி குண்டலகேசி. கொல்வதற்காக மலை உச்சிக்குக் கூட்டிப் போன கணவனை, வலம் வருவதுபோல் வந்து தள்ளிக் கொன்றவள். நகைக்காகக் கொல்லப்பட்டவளும், கொல்லப்படுவதற்கு முந்திக்கொண்டவளும் எதிரெதிரே உட்கார்ந்து தத்துவம் பேசும் காட்சியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் எழுதிவிட்டது. அதைப் படமாக்கத்தான் இன்னும் ஆளில்லை.

மலையாளத்தில் தொடங்கிவிட்டார்கள். நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலியை எடுத்து, டொமினிக் அருண் இயக்கத்தில் கல்யாணி பிரியதர்ஷன் நடிக்க, 2025 ஆகஸ்டில் ‘லோகா’ வந்து பெரும் வெற்றி பெற்றது. அதிலும் நீலிக்கு ஒரு முன்கதை உண்டு. சிறுமியாக அவளுக்கும் அவள் கூட்டத்துக்கும் இழைக்கப்பட்ட கொடுமையைக் காட்டிய பிறகுதான் அவள் பலம் நமக்கு நியாயமாகிறது. கள்ளியங்காடு இருப்பது தமிழ்நாட்டில். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நம் படங்களில் பழிவாங்கும் பெண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலும் அவளுக்கு நேர்ந்த கொடுமை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், மீதி நேரம் அவள் பேயாகவோ அம்மனாகவோ ஆடுவாள். அவள் என்ன வேலை தெரிந்தவள், யாரிடம் கற்றாள், எத்தனை வருடம் பொறுத்தாள் என்பதெல்லாம் வராது. ஃப்யூரியோசா லாரி ஓட்டக் கற்பதையும், அடிப்பக்கம் தொற்றிக்கொண்டு போவதையும் மில்லர் பொறுமையாகக் காட்டுகிறார். அப்போது அந்த லாரி மீது நடக்கும் ஒரு தாக்குதல் காட்சிக்கு மட்டும் 78 நாள் படப்பிடிப்பு நடந்தது. படம் வசூலில் எதிர்பார்த்த இடத்தை எட்டவில்லை. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

உலகம் அழிந்த பிறகான கதைக்கும் நாம் வெளியே போக வேண்டியதில்லை. 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் இந்த மண்ணில் நடந்த அழிவு. கஞ்சிக்காகப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவர்களின் கதை பஞ்சக் கும்மிகளாக இருக்கிறது. தண்ணீரும் தானியமும் யார் கையில் இருந்தன, யார் செத்தார்கள் என்பதுதான் அவற்றின் உள்ளடக்கம். அந்தக் காலத்தில் வைத்து ஒரு பெண்ணின் கதையை யோசித்துப் பாருங்கள். கண்மாய் வற்றி, ஊர் காலியாகி, களஞ்சியப் பூட்டு மட்டும் திறக்காத காலம்.

வில்லுப்பாட்டு பாடும் அண்ணாவிகள் பலருக்கு இன்று வயதாகிவிட்டது. கொடைகளில் கதை முழுதாகப் பாடப்படுவது குறைந்து, கொலை நடக்கும் கட்டமும் சாமியாட்டமும் மட்டும் போதும் என்று நேரத்தைச் சுருக்குகிறார்கள். இப்படிச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது நீலியின் முன்கதைதான். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ கொடை வந்தால், காப்பு பாடும் நேரத்துக்கே போய் உட்காருங்கள். கதையை முழுக்கப் பாடச் சொல்லி வரி கொடுப்பவர்களிடம் பேசுங்கள். அண்ணாவியிடம் அனுமதி கேட்டுக் கைபேசியிலாவது ஒலிப்பதிவு செய்து வையுங்கள்.

(தொடரும்)