460 ஸ்குவாட்ரன்: மீதி 429 பேர் யார்?

இரண்டாம் உலகப்போர் பற்றிப் படிக்கும்போது ஒரு கணக்கு இடித்தது. ராயல் ஆஸ்திரேலிய விமானப்படையின் 460 ஸ்குவாட்ரன், இங்கிலாந்திலிருந்து ஜெர்மனி மீது குண்டு வீசப் பறந்த அணி. போரில் இந்த அணி இழந்தது 1,018 பேர். அதில் ஆஸ்திரேலியர்கள் 589 பேர்தான். அப்போ மீதி 429 பேர் யாருங்க?

1939 டிசம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து ஒரு விமானப் பயிற்சித் திட்டத்தில் கையெழுத்துப் போட்டன. பிரிட்டனுக்கு அனுப்பும் நம்ம பையன்கள் பிரிட்டிஷ் படைக்குள் அடையாளம் இல்லாமல் கரைந்துவிடக் கூடாதே என்ற கவலை மற்ற நாடுகளுக்கு இருந்தது. அதற்காக ஒப்பந்தத்தின் 15-ஆவது பிரிவு, அவர்கள் பெயரில் தனி ஸ்குவாட்ரன்களுக்கு வழி செய்தது. 400-இல் தொடங்கும் எண்கள் அப்படி வந்தவைதான். ஆனால் போரில் அவற்றை இயக்கியது பிரிட்டிஷ் தலைமை.

காகிதத்தில் சரி, நடைமுறை வேற மாதிரி போச்சு. ஆஸ்திரேலியர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களில் பறந்தார்கள். ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரனில் பிரிட்டிஷார் இருந்தார்கள்.

குழு சேர்த்த விதம் இன்னும் சுவாரசியம். பயிற்சி மையத்தில் பைலட், நேவிகேட்டர், கன்னர் எல்லோரையும் ஒரு பெரிய கொட்டகையில் விட்டு, "நீங்களே ஆள் பிடிச்சுக்கோங்க" என்று விடுவது வழக்கம். பழகிப் பார்த்துப் பிடித்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு லான்காஸ்டர் போன்ற பெரிய விமானத்துக்கு மாறும்போது ஃபிளைட் இன்ஜினியர் சேருவார். அவர் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர். ஆக, ஆஸ்திரேலிய பைலட் ஓட்டிய விமானம் விழுந்தால், சேர்ந்து இறந்த ஏழு பேரும் ஒரே நாட்டவர் என்று சொல்ல முடியாது.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். கீழே ஹாம்பர்க் போன்ற நகரங்களில் எரிந்துபோன மக்களின் கணக்கு தனி.

460-இன் லான்காஸ்டர் ஒன்று, 'ஜி ஃபார் ஜார்ஜ்', இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் நிற்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் 589-ஐ மட்டும் நினைக்காதீங்க. தேசம் வாரியாகப் பிரித்து எண்ணுவது நாம். அவர்கள் பறந்தது ஏழு ஏழு பேராகத்தான்.