சர்க்கரை வியாதியும் கண்ணும்: சீன வைத்தியர் என்ன தருகிறார்?

"சர்க்கரையால கண் மங்கிப் போச்சுன்னா சீன மூலிகை நல்லதாமே!" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் பெட்டியில் ஒரு டப்பா வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த டப்பாவுக்குள் என்னதான் இருக்கிறது?

நீரிழிவைச் சீனர்கள் 'சியாவ்கே' என்கிறார்கள். உடம்பைக் கரைக்கிற தாகம் என்று பொருள். சுமார் இரண்டாயிரம் வருஷப் பழமையான 'ஹுவாங்டி நெய்ஜிங்' வைத்திய நூலிலேயே இதைப் பற்றிப் பேச்சு உண்டு. கல்லீரலின் வாசல்தான் கண் என்பது அவர்கள் சாஸ்திரம். கல்லீரலும் சிறுநீரகமும் வறண்டால் பார்வை மங்குமாம். அதனால் கண்ணில் விடும் சொட்டைவிட உள்ளுக்குத் தரும் மருந்தே அவர்களுக்குப் பெரிது.

பிரசித்தமானது 'ச்சி ஜூ டி ஹுவாங்' உருண்டை. சுங் வம்சத்துக் காலத்தில் ச்சியென் யீ என்ற குழந்தை வைத்தியர், பிள்ளைகளுக்காகச் சேர்த்த ஆறு சரக்குகள்தான் இதற்கு அடிப்படை. கூடவே சிவப்பான கோஜிப் பழமும் சாமந்திப் பூவும். ஆமாம், நாம் தலையில் வைக்கிற சாமந்தியின் இனமேதான்! விழித்திரையில் ரத்தம் கசிந்தால் 'சான்ச்சி' வேர். கசிவை நிறுத்தும், கட்டின ரத்தத்தையும் கரைக்கும் என்கிறார்கள். இதோடு 'டான்ஷென்' வேரும் சேர்ந்த காப்ஸ்யூலைச் சீன ஆஸ்பத்திரிகளில் தருகிறார்கள்.

குணம் தெரிகிறதா? சீனாவில் நிறையப் பரிசோதனைகள் நடந்து, சிலவற்றில் நல்ல பலனும் தெரிந்திருக்கிறது. ஆனால் பலவும் சிறியவை, கொஞ்ச காலமே நடந்தவை. லேசருக்கோ, கண்ணுக்குள் போடும் ஊசிக்கோ பதிலாக மூலிகை நிற்கும் என்று நிரூபணமாகவில்லை. லேசருக்கோ சாட்சி உண்டு: 1976-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆராய்ச்சியில், முற்றிய நிலையிலும் கடுமையான பார்வை இழப்பை அது பாதிக்குப் பாதி குறைத்தது.

'மூலிகைதானே, கெடுதல் என்ன?' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 'சியாவ்கே' என்ற பெயரிலேயே விற்கும் சர்க்கரை உருண்டையில் மூலிகையோடு கிளிபென்கிளமைடும் கலந்திருக்கிறது, பத்து உருண்டைக்கு 2.5 மில்லிகிராம். நம் டாக்டர்கள் எழுதும் டயோனில் மாத்திரையில் இருப்பதும் அதேதான்! இரண்டையும் சேர்த்து விழுங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கி, வேர்த்து, நடுங்கி, நினைவே தப்பலாம். டப்பாவில் எழுதித்தான் இருக்கிறது. சீன எழுத்து நமக்கு எங்கே படிக்கத் தெரியும்? ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு டான்ஷென் ஆகவே ஆகாது.

"கண் நல்லாத்தானே தெரியறது" என்று இருந்துவிடக் கூடாது. விழித்திரை கெடும்போது வலிப்பதில்லை; பார்வையும் கடைசியில்தான் குறைகிறது. சர்க்கரை என்று தெரிந்ததுமே ஒரு தடவை, பிறகு வருஷா வருஷம் விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதியோடு கர்ப்பமானவர்கள் முதல் மூன்று மாதத்துக்குள் போவது அவசியம். போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். கருமணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் வெளிச்சம் கூசும். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.