சேப்பாக்கம் கேலரியில் யாருக்கு இடம்?

மயிலாப்பூரிலிருந்து சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் போவது சுலபம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன். டிக்கெட் 5 ரூபாய். அடையாறுக்காரர்கள் கஸ்தூர்பா நகரில் ஏறினாலும் அதே ரயில்தான். தி.நகரிலிருந்து பஸ் பிடித்தால் வாலாஜா சாலையில் இறங்கிக்கொள்ளலாம். மேட்ச் நாளில் மஞ்சள் ஜெர்சி போட்ட பிள்ளைகளும் விசிலுமாக ரயில் பெட்டியே கேலரி மாதிரி இருக்கும்.

சிக்கல் இறங்கிய பிறகுதான். 2025 ஐ.பி.எல். சீசனில் சென்னை சூப்பர் கிங்ஸ் சேப்பாக்கத்தில் ஆடிய மேட்ச்களுக்கு, பொதுமக்கள் வாங்கக்கூடிய டிக்கெட்டின் குறைந்தபட்ச விலை 1,700 ரூபாய். சி, டி, இ ஸ்டாண்டுகளின் கீழ்த்தளம் அது. அதற்கு மேல் 2,500, 3,500, 4,000, 7,500 என்று ஏறிக்கொண்டே போனது. 2023-ல் இதே கீழ்த்தளம் 1,500 ரூபாய். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நாலு பேர் ஒரு மேட்ச் பார்க்கக் குறைந்தது 6,800 ரூபாய் வேண்டும். லீக் சுற்றில் ஓர் அணிக்குச் சொந்த ஊரில் 7 மேட்ச். ஒரே ஒருவர் அத்தனையையும் மிகக் குறைந்த விலை இருக்கையில் உட்கார்ந்து பார்க்க நினைத்தாலும் 11,900 ரூபாய். ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றபடி வேலை பார்க்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஒரே நேரத்தில் பத்து ஆட்டம் நடக்கும். ஒரு டீமின் ஃபீல்டர் இன்னொரு டீமின் பிட்ச்சில் நிற்பார். அங்கே ஆடும் பையன்களில் எத்தனை பேர் சேப்பாக்கத்தில் உள்ளே உட்கார்ந்து ஒரு சி.எஸ்.கே. மேட்ச் பார்த்திருப்பார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டிய நேரம் இது.

ஒரு டிக்கெட்டின் கணக்கு

விலை ஏன் இவ்வளவு? முழுப் பணமும் அணிக்குத்தான் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2025 சீசனில் 4,000 ரூபாய் டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் அசல் விலை 2,343 ரூபாய் 75 காசு. அதன் மேல் கேளிக்கை வரி 781 ரூபாய் 25 காசு; இந்த வரியையும் சேர்த்த தொகையில் அது 25 சதவீதம். இரண்டையும் கூட்டி, அந்தத் தொகை மேல் 28 சதவீதம் ஜி.எஸ்.டி., 875 ரூபாய். ஆக 1,656 ரூபாய் 25 காசு வரியாகவே போயிற்று. வரிக்கும் வரி கட்டித்தான் ரசிகர் உள்ளே போகிறார்.

2025 செப்டம்பர் 22 முதல் ஐ.பி.எல். டிக்கெட்டுக்கான ஜி.எஸ்.டி. 40 சதவீதம் ஆகிவிட்டது. சூதாட்ட விடுதி, குதிரைப் பந்தயம் வரிசையில் ஐ.பி.எல்.லையும் சேர்த்துவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற மற்ற விளையாட்டுப் போட்டிகளுக்கு நிலைமை வேறு: 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு மேல் 18 சதவீதம். 500 ரூபாய்க்குள் டிக்கெட் வாங்குபவர் சாதாரண மனிதர், அவரிடம் வரி வாங்க வேண்டாம் என்ற நியாயத்தை அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐ.பி.எல். கேலரிக்கு மட்டும் அந்த நியாயம் இல்லை. அங்கே விலை குறைந்த இருக்கைக்கும் அதே 40 சதவீதம், பெட்டி இருக்கைக்கும் அதே 40 சதவீதம்.

அஸ்வின் அடித்த இரண்டு சதம்

ஐ.பி.எல். என்றாலே காஸ்ட்லிதான், டெஸ்ட் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட் சேப்பாக்கத்தில் நடந்தது. கொரோனா காரணமாகப் பாதி இருக்கைகளுக்கு மட்டும் அனுமதி. டிக்கெட் 100 ரூபாயிலிருந்து கிடைத்தது. மேற்கு மாம்பலத்துப் பையன் ரவிச்சந்திரன் அஸ்வின் அந்த டெஸ்டில் சதம் அடித்தார். பக்கத்துத் தெருப் பிள்ளை ஊர் மைதானத்தில் அடித்த சதத்தை நூறு ரூபாய் கொடுத்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கொண்டாடினார்கள்.

2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்ட். அதே சேப்பாக்கம், அதே அஸ்வின், மறுபடியும் சதம். இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட் வேறு. இந்த முறை ஒரு நாள் டிக்கெட் 1,000 ரூபாயிலிருந்து தொடங்கியது. மூன்றரை வருடத்தில் பத்து மடங்கு.

ஒரு காலத்தில் சென்னையில் ‘சீசன் டிக்கெட்’ என்றால் டெஸ்ட் மேட்ச்சின் ஐந்து நாளுக்குமான டிக்கெட். பொங்கல் சமயத்தில் டெஸ்ட் வரும். அந்தச் சீசன் டிக்கெட் ஒன்றை வாங்கி, வீட்டில் நாளுக்கு ஒருவராகப் போய்வந்த குடும்பங்கள் உண்டு. தயிர் சாதமும் டிரான்சிஸ்டரும் கையில் இருக்கும். ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொள்ளும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் கற்றுக்கொண்ட சிறுவர்கள் அநேகம். 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானிடம் 12 ரன்னில் இந்தியா தோற்றபோது, அழுகையை அடக்கிக்கொண்டு எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது இந்தக் கூட்டம்தான். சேப்பாக்கத்து ரசிகர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பேர் வருடக்கணக்காகக் கேலரியில் உட்கார்ந்து பழகியதால் வந்தது. காசு இருப்பவர் வருடத்துக்கு ஒருமுறை வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போவதால் வராது.

லிவர்பூலில் எழுந்து போனார்கள்

இந்தப் பிரச்சினையை நமக்கு முன்பே சந்தித்தவர்கள் ஐரோப்பியக் கால்பந்து ரசிகர்கள். அங்கே சீசன் டிக்கெட் என்பது வருடம் முழுக்க சொந்த மைதானத்தில் நடக்கும் எல்லா ஆட்டத்துக்கும் ஒரே இருக்கை. அப்பா உட்கார்ந்த இடத்தில் மகன் உட்காருவான். இங்கிலாந்தில் 1990-களுக்குப் பிறகு தொலைக்காட்சிப் பணம் கொட்டியது. கூடவே டிக்கெட் விலையும் ஏறியது. துறைமுகத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த குடும்பங்கள் தங்கள் இருக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

2016-ல் லிவர்பூல் கிளப் புதிய ஸ்டாண்டில் சில இருக்கைகளுக்கு 77 பவுண்டு விலை வைத்தது. பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில், சரியாக 77-ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாளிலேயே கிளப் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆண்டு தொடங்கிய அடுத்த சீசன் முதல், வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று பிரீமியர் லீக் கிளப்கள் எல்லாம் ஒப்புக்கொண்டன.

ஜெர்மனியில் வேறு வழி. அங்கே கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களான ரசிகர்களிடம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதனால்தான் பயர்ன் மியூனிக் போன்ற பெரிய கிளப்பிலும், நின்றுகொண்டு பார்க்கும் பகுதிக்கு சீசன் டிக்கெட் பல வருடங்கள் சுமார் 140 யூரோவில் இருந்தது. சொந்த ஊரில் 17 லீக் ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது யூரோகூட ஆகாது. அதே ஸ்டேடியத்தில் பணக்காரர்களுக்கான பெட்டிகளும் இருக்கின்றன. மேலே வாங்கிக் கீழே விட்டுக்கொடுக்கிறார்கள்.

நம் ஊர்க் கால்பந்துக்கு வருவோம். இரண்டு முறை இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. ஆடுவது பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில். சேப்பாக்கத்துக்குப் பதிலாக, 1956 முதல் பத்து வருடம் சென்னையின் டெஸ்ட் மேட்ச்கள் நடந்ததும் அங்கேதான். அங்கே சில நூறு ரூபாய் இருந்தால் போதும், ‘பி ஸ்டாண்டு’ ரசிகர்களோடு சேர்ந்து தொண்ணூறு நிமிடமும் பாடிவிட்டு வரலாம். ஆனால் 2025-26 சீசன் நிர்வாகக் குழப்பத்தில் உரிய நேரத்தில் தொடங்கவே இல்லை. கையில் காசு இருந்தும் பார்க்க ஆட்டம் இல்லாத நிலைமை இருந்தது. எளிய ரசிகருக்குக் கட்டுப்படியாகும் ஒரே பெரிய விளையாட்டும் இப்படித் தள்ளாடியது.

வழி நம் ஊரிலேயே இருக்கிறது

லிவர்பூலையும் மியூனிக்கையும் பார்த்துத்தான் கற்க வேண்டும் என்றில்லை. மார்கழி சீசனில் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் சாயங்காலக் கச்சேரிக்கு டிக்கெட்; மத்தியானக் கச்சேரிக்குப் பெரும்பாலும் அனுமதி இலவசம். சீசன் டிக்கெட்காரர்கள் முன்னால் உட்கார, அன்றன்றைக்குக் கவுன்ட்டரில் வாங்குபவர்களுக்குப் பின்வரிசையும் பால்கனியும் இருக்கும். காசில்லாத ரசிகரும் சங்கீதம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

சினிமாவைப் பாருங்கள். தியேட்டர் டிக்கெட் எவ்வளவுக்கு மேல் விற்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசே உச்ச விலை வைத்திருக்கிறது. சென்னையின் பெரிய ஏ.சி. தியேட்டர்களில் முன்வரிசை 10 ரூபாய் டிக்கெட் வெகுகாலம் இருந்தது. கல்லூரிப் பையன்கள் அதற்காகவே காலையில் போய்க் கவுன்ட்டரில் நின்றார்கள். தனியார் கட்டிய தியேட்டரில் ஏழைக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று அரசு சொல்ல முடிந்தது. சேப்பாக்கம் ஸ்டேடியம் நிற்பதோ அரசு நிலத்தில். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. மக்கள் நிலத்தில் மக்களுக்கு ஒரு பங்கு இருக்கை கேட்பது நியாயமான கோரிக்கை.

வாங்க ஆள் இருக்கும்போது விலையை ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 2023 முதல் 2027 வரை ஐந்து வருட ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமையைக் கிரிக்கெட் வாரியம் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. அதற்காகக் கணக்கிட்ட 410 மேட்ச்களுக்கு வகுத்தால் ஒரு மேட்ச்சுக்குச் சுமார் 118 கோடி. இது வாரியத்துக்கும் பத்து அணிகளுக்கும் பிரியும் பணம்தான். ஆனாலும் இந்தக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள்: சேப்பாக்கத்தின் சுமார் 38,000 இருக்கைகளில் 10,000 இருக்கைக்குத் தலா 1,000 ரூபாய் குறைத்தால், ஒரு மேட்ச்சுக்கு ஆகும் இழப்பு ஒரு கோடி. அந்த 118 கோடி ரூபாய் ஒளிபரப்பில் கேட்கும் விசில் சத்தம் கேலரியிலிருந்து வருகிறது. அதை எழுப்புகிறவர்களுக்கு ஒரு கோடி விட்டுக்கொடுத்தால் யாரும் நொடித்துப்போக மாட்டார்கள்.

விலையைக் குறைத்தால் எல்லாம் பிளாக்கில் போய்விடும் என்பது இன்னொரு பயம். நியாயமான பயம்தான். 2023-ல் கவுன்ட்டரில் விற்றபோது முதல் நாள் இரவே வந்து பிளாட்பாரத்தில் படுத்தவர்கள் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அடுத்த வருடம் ஆன்லைனுக்கு மாறியபோது, போனைத் திறந்தவுடன் வரிசையில் முன்னால் லட்சம் பேர். இரண்டு முறையிலும் பிளாக் நின்றபாடில்லை. ஆனால் ரயிலில் தட்கல் டிக்கெட்டுக்கு 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பு வந்துவிட்டது. பெயரோடு டிக்கெட், வாசலில் அடையாள அட்டை என்று குறைந்த விலை இருக்கைகளுக்கு மட்டுமாவது செய்ய முடியாதா?

சென்னை அணிக்கு ரசிகர்கள் மேல் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. 2018-ல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புணேவுக்கு மாறியபோது, ரசிகர்களைத் தனி ரயிலில் இலவசமாக அழைத்துப் போனது இதே அணி. மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசப் பயணம் என்ற ஏற்பாடும் வந்தது. வீட்டிலிருந்து ஸ்டேடியம் வரை கூட்டிவந்தவர்களால் வாசல் தாண்டியும் கூட்டிப்போக முடியும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். அணியும் கிரிக்கெட் சங்கமும் ஒவ்வொரு மேட்ச்சிலும் நாலில் ஒரு பங்கு இருக்கையை 500 ரூபாய்க்குள் விற்க வேண்டும். அதில் ஒரு பகுதியைப் பெயர் போட்ட ஏழு மேட்ச் சீசன் டிக்கெட்டாகத் தவணையில் தர வேண்டும். மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு அதில் தனி ஒதுக்கீடு வேண்டும். மாநில அரசு அந்த இருக்கைகளுக்குக் கேளிக்கை வரியைத் தள்ளுபடி செய்து, அதையே குத்தகை நிபந்தனையாகவும் எழுத வேண்டும். ஜி.எஸ்.டி. கவுன்சில் 500 ரூபாய் விலக்கை ஐ.பி.எல்.லுக்கும் நீட்ட வேண்டும். தமிழ்நாட்டின் நிதியமைச்சர் அங்கே இதைக் கேட்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளாக்கில் டிக்கெட் வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த சீசன் விலையை நியாயப்படுத்துகிறது. உங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது, சாலை, குடிநீரோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: அரசு நிலத்தில் நிற்கும் ஸ்டேடியத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை இருக்கை?